நன்றிக் கடிதங்கள்

வெளிநாட்டிலுள்ள ஓர் ஏழைக் குழந்தைக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, அதன் படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது அதனிடமிருந்து கடிதம் பெறுவது மேல்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஊறிப்போன வழக்கம். 1938-ல், ஜப்பானிய யுத்தத்தில் அநாதைகளான சீனக் குழந்தைகளுக்காக, அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்துப் பாதிரியார் கால்விட் கிளார்க் ஒரு நிதியைத் தொடங்கினார். 1947-ல் சீனாவுக்குப் போன பாப் பியர்ஸ் என்ற பிரசங்கி, கதியற்ற ஒரு சிறுமிக்காக அங்கிருந்த மிஷன் ஆசிரியையிடம் ஐந்து டாலர் கொடுத்து, மாதந்தோறும் அனுப்புவதாக வாக்களித்தார். 1950-ல் அவர் ஏற்படுத்திய ஸ்தாபனந்தான் வோர்ல்ட் விஷன். 1952-ல் கொரியாவின் யுத்த அநாதைகளைக் கண்டு மனம் பதைத்த எவரெட் ஸ்வான்சன் தொடங்கிய பணி, பிற்காலத்தில் கம்பாஷன் என்று பெயர் பெற்றது.

ஏற்பாடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பக்கம் ஒரு குழந்தை, மறு பக்கம் ஓர் ஆதரவாளர், நடுவில் கடிதம். ஸ்தாபனங்களின் வரவு செலவை ஆராய எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கடிதத்தைப் பற்றிப் பேசலாம். அது கதை எழுதுகிறவனின் சரக்கு. இத்தகைய உறவை வைத்து எழுந்த இரண்டு படைப்புகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நாவல், மற்றது சினிமா. இரண்டுமே கடிதங்களை நம்பி நிற்பவை.

நாவல், ஜீன் வெப்ஸ்டர் 1912-ல் வெளியிட்ட ‘டாடி லாங் லெக்ஸ்’. அநாதை விடுதியில் வளர்ந்த ஜூடியை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தர்மகர்த்தா கல்லூரிக்கு அனுப்புகிறார். கைச்செலவுக்கு மாதம் முப்பத்தைந்து டாலர். நன்றி சொல்லக் கூடாது. ஆனால் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். பதில் வராது. இதுதான் நிபந்தனை. ஜூடி வெளிநாட்டுக் குழந்தையல்ல. பணம் கொடுப்பது மிஷனும் அல்ல. ஆனாலும் பின்னால் லட்சக்கணக்கான குழந்தைகள் நின்ற இடத்தில் முன்கூட்டியே நின்றவள் அவள்.

இந்த நாவல் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் ஜூடியின் நன்றியல்ல, அவளுடைய கோபம். ஏன் பதில் எழுதவில்லை என்று சண்டை போடுகிறாள். தனியாக வந்த ஐம்பது டாலரைத் திருப்பி அனுப்புகிறாள். உபகாரச் சம்பளம் வேண்டாம் என்று அவர் காரியதரிசி மூலம் சொல்லியனுப்பியும் அதை விட மறுக்கிறாள். தன் எழுத்துக்குப் பணம் வந்ததும் கடனில் ஆயிரம் டாலரை அடைக்கிறாள். வாங்குகிறவளுக்கும் சுயமரியாதை உண்டு என்பதை உபதேசமாகச் சொல்லாமல் ஒரு பெண்ணின் வாயாடித்தனத்திலேயே காட்டிவிட்டார் ஆசிரியை. அது சாமான்யமான காரியமல்ல.

ஆனால் முடிவில் அவரே அதைக் கெடுத்துவிட்டார். ஜூடி எந்த ஜெர்விஸ் மேல் காதல் கொண்டாளோ, அவனே அந்தப் பெயரில்லாத தர்மகர்த்தா என்று தெரிகிறது. கல்யாணம், சுபம். வாசகர்கள் மகிழ்ச்சியோடு புத்தகத்தை மூடுகிறார்கள். கொஞ்சம் யோசித்தால் அந்த மகிழ்ச்சி நிற்காது. அவனைப் பற்றியே அவள் எழுதிய அந்தரங்கங்களை அவன் இத்தனை நாளும் ஒளிந்திருந்து படித்திருக்கிறான். கடனை அடைக்கத் தொடங்கிய பெண்ணைக் கடைசியில் கடன் கொடுத்தவன் கையிலேயே பிடித்துக் கொடுத்தாகிவிட்டது. தொண்ணூறு சதவிகிதம் உண்மையாக எழுதிவிட்டு, மிச்சத்தை வாசகருக்குப் பரிசாக வழங்கிவிட்டார் வெப்ஸ்டர்.

சினிமா, அலெக்ஸாண்டர் பெய்ன் 2002-ல் எடுத்த ‘அபௌட் ஷ்மிட்’. இதில் நிலைமை தலைகீழ். பேசுகிறவர் கொடுப்பவர்; குழந்தை வாய் திறப்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்ற ஷ்மிட், தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து டான்ஸானியாவில் ந்டூகு என்ற ஆறு வயதுப் பையனுக்கு மாதம் இருபத்திரண்டு டாலர் அனுப்ப முன்வருகிறார். கூடவே ஒரு கடிதமும் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்ததும் மனிதருக்கு மடை திறந்துவிடுகிறது. தம் வேலையைப் பிடுங்கிக்கொண்ட இளைஞன் மேல் எரிச்சல், மனைவி மேல் சலிப்பு, மகளுக்கு வரப்போகிற மாப்பிள்ளை மேல் வெறுப்பு, எல்லாம் ஆறு வயதுக் குழந்தைக்குப் போகின்றன. ஜாக் நிகல்ஸன் அந்தக் கடிதங்களை வாசிக்கும் குரலில் துளிக்கூட நாடகமில்லை. அதனாலேயே சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள், உண்மையில் யார் அநாதை என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது.

கடைசியில் டான்ஸானியாவிலிருந்து பதில் வருகிறது. எழுதியவர் ஒரு கன்னியாஸ்திரீ. பையனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஷ்மிட்டுக்காக ஒரு படம் வரைந்திருக்கிறான். சூரியனுக்குக் கீழே ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் கைகோத்து நிற்கிறார்கள். ஷ்மிட் அழுகிறார். பார்த்த எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு கேள்வி கூடவே வந்தது. அந்தப் படத்தை வரையும்போது ந்டூகு என்ன நினைத்தான்? ஆசையாக வரைந்தானா, வரையச் சொன்னார்கள் என்று வரைந்தானா? பெய்ன் அதைக் கேட்கவில்லை. என் கதை அந்த இடத்தில்தான் ஆரம்பமாகியிருக்கும்.

ஏனென்றால் நிஜத்தில் இந்தக் கடிதங்கள் பல கை மாறுகின்றன. சின்னக் குழந்தையாக இருந்தால் பெரியவர் யாராவது எழுதுவார், இன்னொருவர் மொழிபெயர்ப்பார், வேறொருவர் சரிபார்ப்பார். நேர் விலாசத்தைப் பரிமாறிக்கொள்ள ஸ்தாபனங்கள் இடம் கொடுப்பதில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு அது அவசியமுங்கூட. இத்தனை கைகளைத் தாண்டி வருகிற கடிதத்தில் ஜூடியின் கோபம் எப்படித் தப்பிப் பிழைக்கும்? 1998-ல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை இத்தகைய நிறுவனங்கள் சிலவற்றை நேரில் ஆராய்ந்தது. மாலி நாட்டில் இறந்துபோன ஒரு சிறுமியின் பெயரில் தொடர்ந்து பணம் பெறப்பட்டு வந்தது அப்போதுதான் வெளியாயிற்று.

அதற்காகப் பணம் வீண் என்று சொல்லிவிட முடியாது. புரூஸ் வைடிக் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் கம்பாஷன் ஆதரவில் வளர்ந்தவர்களை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய கணக்கு அது. ஆதரவு பெற்றவர்கள் சராசரியாக ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை அதிகமாகப் படித்திருந்தார்கள். இந்தோனேஷியாவில் குழந்தைகள் தங்களையே வரைந்த படங்களையும் வைடிக் குழுவினர் ஒப்பிட்டார்கள். ஆதரவு பெற்ற குழந்தைகளின் படங்களில் நம்பிக்கையின் அடையாளங்கள் அதிகம். ஷ்மிட்டை அழவைத்த சூரியன் பொய்யல்ல என்று இதைப் படித்தபோது எனக்குப் பட்டது.

ஆகவே தர்மத்தில் பழுதில்லை. பழுது நன்றியில் இருக்கிறது. தர்மம் செய்வது பிறர் கண்ணில் படக் கூடாது என்பது கிறிஸ்தவ வேதத்தின் உபதேசம். வாங்கிக்கொள்ளும் குழந்தை மட்டும் படத்தோடும் பெயரோடும் எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் தெரிய வேண்டியிருக்கிறது. 2019-ல் வோர்ல்ட் விஷன், குழந்தையே ஆதரவாளரின் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல மாறுதல்தான். ஆனால் தேர்ந்தெடுத்த குழந்தைக்குக் கோபித்துக்கொள்ளும் உரிமையும் உண்டா?

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. அரசாங்கத்தின் அந்நிய நிதிக் கட்டுப்பாடுகளால் 2017-ல் கம்பாஷன் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, சுமார் 1,45,000 குழந்தைகளுக்கு உதவி நின்றது. தமிழ்நாட்டுக் குழந்தைகளும் அவர்களில் உண்டு. பணத்தோடு கடிதமும் நின்றது. இரு பக்கத்திலும் விலாசம் தெரியாதவர்கள். அந்தக் குழந்தைகளில் பலர் இன்று பெரியவர்கள். காணாத ஒருவருக்குக் கடிதம் எழுதி வளர்ந்த அவர்களில் ஒருவராவது, அப்போது எழுத முடியாததை இப்போது எழுத வேண்டும். வெப்ஸ்டர் கடைசி அத்தியாயத்தில் கைவிட்டதும், பெய்ன் கேட்காமல் விட்டதும் அவருக்குத்தான் தெரியும்.

அதுவரை, எங்கோ ஒரு குழந்தைக்கு உதவுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணத்தை நிறுத்தாதீர்கள். கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.