அஞ்சலட்டைப் படமும் முக்கூடற்பள்ளும்

ஓர் ஊரின் பழந்தோற்றத்தை அறிய விழைவோர் இக்காலத்தே பழைய அஞ்சலட்டைப் படங்களைப் பெரிதும் நாடுகின்றனர். படம் உள்ளதை உள்ளவாறு காட்டும், சிற்றிலக்கியமோ புனைந்துரை, ஆதலின் ஊர் வரலாற்றுக்குப் படமே சான்று என்பது இவருட் சிலர் கொள்கை. பொருநைக் கரையைப் பொறுத்தமட்டில் இக்கொள்கை ஏற்புடைத்தன்று.

இந்தியாவில் அரசின் அஞ்சலட்டை 1879-இல் காலணா விலையில் வெளிவந்தது. பட அட்டைகள் அதன் பின்னரே பரவின. ஹிக்கின்பாதம்ஸ் முதலிய சென்னை நிறுவனங்கள் தென்னாட்டுக் காட்சிகளை அட்டைகளாக்கி விற்றன. அவற்றைக் கடல் கடந்த சுற்றத்தார்க்கு விடுத்த ஐரோப்பியர் பலர். தொடக்கத்தில் அட்டையின் ஒருபுறம் முகவரிக்கே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டும். பிரிட்டனில் 1902-இல்தான் முகவரிப் பக்கத்தைப் பகுத்து எழுத இசைவு கிடைத்தது. எனவே படத்தருகே வெற்றிடம் விடுதல் வழக்காயிற்று. நாட்டுப்படலத்துக்கு மரபு உண்டெனின், அட்டைக்கும் மரபு உண்டு என்க.

சுலோசன முதலியார் பாலத்தை நோக்குவோம். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் இப்பாலம் 1843-இல் திறக்கப்பெற்றது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த முதலியார் தம் பொருளீந்து இதனை எழுப்புவித்தார். இதன் பதினொரு வளைவுகளும் ஒருங்கே தோன்ற வேண்டின், ஒளிப்படம் எடுப்போன் ஆற்று மணலில் இறங்கி நிற்றல் வேண்டும். மணலில் நிற்க நீர் வற்றிய பருவம் வேண்டும். ஆகவே அவ்வாறு எடுத்த படத்திற் காணும் பொருநை வேனிற் பொருநையே. 1869-ஆம் ஆண்டு வெள்ளம் இப்பாலத்தைச் சிதைத்தது என்பதை அவ்வமைதியான காட்சியிலிருந்து எவரேனும் ஊகித்தல் கூடுமோ? 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று.

முக்கூடற்பள்ளோ வெள்ளத்தையே உயிராகக் கொண்ட நூல். மழைக்குறி தேர்தல், ஆறு பெருகி வருதல், விதை வகை, மாட்டு வகை எனப் பருவத்தின் போக்கிலேயே நூலும் நடக்கின்றது. மூத்த பள்ளி முக்கூடலையும் இளைய பள்ளி மருதூரையும் சார்ந்தவர். ஆசூர் வடகரை நாடும் சீவலமங்கைத் தென்கரை நாடும் இவ்விருவர் வாய்மொழியில் எதிரெதிர் நின்று பெருமை பேசுகின்றன. மருதூர் அணைக்கட்டின் கற்களைப் படம் காட்டலாம். அந்நீருக்குக் காத்திருந்தவர் மனத்தைக் காட்டுவது பள்ளு.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். பள்ளில் வரும் முக்கூடல், சிற்றாறு பொருநையொடு கலக்கும் சீவலப்பேரிப் பகுதி. அம்பாசமுத்திரம் பக்கத்து முக்கூடல் வேறு. பெயரொப்புமை கண்டு மாணவர் மயங்குவதுண்டு. பெயர் மட்டும் பொறித்த படம் இம்மயக்கத்தை வளர்க்குமேயன்றித் தீர்க்காது.

எனினும் பள்ளினைக் குற்றமற்ற சான்று என யான் கூறவில்லை. பண்ணைக்காரன் பள்ளனைக் கட்டையில் மாட்டி ஒறுப்பதைப் புலவர் நகைச்சுவையாக்குகின்றார். அந்நகை எவர் மகிழ்ச்சிக்கு என்று கேட்காமல் நூலைப் பாராட்டும் திறனாய்வு குறையுடையது. ஆயினும் அவ்வுழவன் அங்கே பேசுகின்றான், பொய் சொல்லுகின்றான், மனைவியரிடம் சிக்கித் தவிக்கின்றான். அட்டையிலோ அவனை ஒத்தவன் கோபுரத்தின் உயரத்தை அளந்து காட்டவே அதனடியில் நிறுத்தப்பெறுகின்றான். கீழே பொறித்த பெயர் கோபுரத்தினுடையது.