குணங்குடியார் பாடல்களும் 'ஆன்மா' என்னும் சொல்லும்

குணங்குடி மஸ்தான் சாகிபைத் (1792–1838) தாயுமானவரோடும் சித்தர்களோடும் ஒப்பிட்டுக் காண்பது திறனாய்வாளரிடையே நெடுநாள் வழக்கு. சொல்லாட்சி அதற்கு இடந்தருகின்றது. தவநிலை, துறவுநிலை, தியானநிலை, சமாதிநிலை என்னும் தலைப்புகளும் 'மனோன்மணி' என்னும் விளியும் யோக மரபின. எனினும், ஒப்பிடுவோர் 'நப்ஸ்', 'ரூஹ்' ஆகிய இரண்டையுமே 'ஆன்மா' எனப் பெயர்த்து அமைந்துவிடுவதுண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. சைவ சித்தாந்தத்தில் ஆன்மா அநாதி. பதியைப் போலவே தோற்றமில்லாதது. இசுலாத்திலோ ரூஹ் படைக்கப்பட்டது. நப்ஸ் பண்படுத்தப்பட வேண்டியது. தீமைக்குத் தூண்டுவது (12:53), தன்னைத்தானே பழிப்பது (75:2), அமைதியுற்றது (89:27) எனத் திருக்குர்ஆன் சுட்டும் நப்ஸின் மூன்று தன்மைகளைச் சூஃபியர் ஏறுபடிகளாகக் கொண்டனர். காதிரிய்யா நெறியினரான குணங்குடியார் தம் நெஞ்சைக் கடிந்துரைக்கும் இடங்களைச் சித்தர்தம் உடலிழிவுரையாக மட்டும் படிப்பின், இரண்டாம் படிக்குரிய தன்பழிப்பு கண்ணுக்குப் புலனாகாது போகும்.

மனோன்மணிக் கண்ணி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆழ்வார், நாயன்மார் அகப்பாடல்களில் உயிரே தலைவி. இங்கோ இறைமை தலைவியாகின்றது. லைலாவைத் தேடும் மஜ்னூனைச் சூஃபிக் கவிஞர் கண்ட முறை இதற்கு அணித்தானது. இதனை அத்துவிதக் கலப்பென முடித்துரைப்போர், வேட்கின்ற உயிர் படைப்புயிர் என்பதைக் கருதுவதில்லை. 'நப்ஸ்' என்பதைப் பெயர்க்காமல் அவ்வாறே நிறுத்தி உரை காணின், இக்கண்ணிகளின் ஏக்கம் வேறு பொருள் கொள்ளும்.