பூன்ஸ்பரோ: வாங்கிய நிலமா, வளைத்த நிலமா?

அமெரிக்காவில் கென்டக்கி ஆற்றங்கரையில் 1775 ஏப்ரலில் டேனியல் பூன் தொடங்கிய பூன்ஸ்பரோ குடியேற்றத்தைத் துணிச்சலின் சின்னமாகக் கொண்டாடுகிறார்கள். துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. அது எந்த உரிமையில் காலூன்றியது என்பதே கேள்வி.

அதற்கு முந்தைய மாதம், முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் ஹென்டர்சன் சிகமோர் ஷோல்ஸில் செரோக்கிப் பழங்குடித் தலைவர்களுக்குச் சரக்குகளைக் கொடுத்து, சுமார் 2 கோடி ஏக்கரைக் கிரயம் எழுதிக்கொண்டார். பழங்குடிகளிடம் தனியார் நிலம் வாங்குவதை 1763-லேயே பிரிட்டிஷ் அரச ஆணை தடுத்திருந்தது. நீதிபதியாக இருந்தவருக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை. செரோக்கிகளுக்குள்ளேயே டிராகிங் கனூ கடுமையாக எதிர்த்தார். அந்தக் காடுகளில் வேட்டையாடிவந்த ஷானி மக்களோ அந்தப் பேரத்தில் இல்லவே இல்லை. 1778-ல் வர்ஜீனியா சட்டமன்றமும் கிரயம் செல்லாது என்றது. ஆனாலும் ஹென்டர்சன் குழுவுக்கு 2 லட்சம் ஏக்கர் ஈடாகக் கிடைத்தது. ஷானிகளுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை.

பூன்ஸ்பரோவின் தரப்பில் வலுவான சான்று, 1778 செப்டம்பர் முற்றுகை. பெரும்பாலும் ஷானிகளான 400-க்கும் மேற்பட்டோர் சூழ்ந்து நிற்க, உள்ளே துப்பாக்கி ஏந்தியவர்கள் மிகச் சிலர். தாக்கவந்தோர் ஆற்றங்கரையிலிருந்து கோட்டையை நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள். கொட்டிய மண்ணால் ஆற்றுநீர் கலங்கி ஓடியதைப் பார்த்துத்தான் உள்ளிருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. பிறகு கொட்டிய மழையில் சுரங்கம் சரிந்தது. கோட்டை தப்பியதில் உறுதிக்கும் பங்குண்டு, மழைக்கும் பங்குண்டு. அங்கே வெடிமருந்து தயாரித்துக் கொடுத்த மங்க் எஸ்டில் ஓர் அடிமை. 1784-ல் ஜான் ஃபில்சன் எழுதிய நூலால் பூனின் பெயர் கடல்கடந்து பரவியது. மங்க்கின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை எளிதில் மன்னிக்க முடியவில்லை.

ஹென்டர்சன் வராவிட்டாலும் வேறொருவர் வந்திருப்பார் என்பார்கள். உண்மைதான், ஹாரட்ஸ்பர்க் என்ற கென்டக்கிக் குடியேற்றம் 1774-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் தடுக்க முடியாததெல்லாம் நியாயமாகிவிடாது. காவல்கோட்டையாகப் பூன்ஸ்பரோ வென்றது. குடியேற்றமாக அதன் அடித்தளம் செல்லாத பத்திரம். ஊரும் தழைக்கவில்லை, சில பத்தாண்டுகளில் தேய்ந்துபோனது. பூனும் பத்திரக் குறைபாடுகளால் கென்டக்கி நிலங்களை இழந்து, 1799-ல் மிசூரிக்குக் குடிபெயர்ந்தார்.