ஒரே வாயில்: நோர்மன் ஃபொஸ்ரரின் கட்டடங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

கட்டடக்கலை பற்றிய விமர்சனம் பெரும்பாலும் முகப்பிலேயே நின்றுவிடுகிறது. பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நோர்மன் ஃபொஸ்ரர் (பி. 1935) குறித்து எழுதப்பட்டனவும் இதற்கு விலக்கல்ல. ஒருசாரார் அவருடைய உருக்கையும் கண்ணாடியையும் 'உயர் தொழினுட்பப் பாணி' என வியப்பர். மறுசாரார் அவரைப் பெருமூலதனத்தின் ஏவலாளர் என ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவர். பின்னையோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது விளக்கமாகாது. ஏவலாளரின் கைவினையில் எசமானரின் நலனுக்கு முற்றாக அடங்காத ஏதேனும் எஞ்சுகிறதா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

மன்செஸ்ரரின் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஃபொஸ்ரர். தந்தையார் தொழிற்சாலையில் எந்திரங்களுக்கு வர்ணம் பூசியவர். மகன் பதினாறு வயதிற் பாடசாலையை விட்டு மாநகரப் பொருளாளர் அலுவலகத்தில் வேலைக்கமர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வியும், அமெரிக்காவின் யேலும் பின்னர் வந்தவை. பிறப்பைக் கொண்டு ஒருவரின் வர்க்க நோக்கைத் தீர்மானிப்பது பேதைமை என்பதை நாம் அறிவோம். எனினும், அலுவலகத்துப் படியும் தொழிற்சாலைப் படியும் வேறுவேறு என்பதை அவர் நூல்களிலிருந்து மட்டும் அறிந்தவரல்லர்.

றிச்சர்ட் றொஜர்ஸ் முதலியோருடன் அவர் 1963 இல் அமைத்த 'ரீம் 4' குழு, சுவின்டனில் றிலையன்ஸ் கொன்ட்ரோல்ஸ் என்னும் மின்னணுத் தொழிற்சாலையைக் கட்டியது. 1967 இல் நிறைவுற்ற அக்கட்டடத்தின் சிறப்பு அதன் மெல்லிய உருக்குச் சட்டகத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. முகாமையாளருக்கு முன்வாயில், தொழிலாளருக்குப் பின்வாயில் என்பது அந்நாட்டுத் தொழிற்சாலைகளின் எழுதாச் சட்டம். இங்கோ யாவருக்கும் ஒரே வாயில், ஒரே உணவுக்கூடம். மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்த சுவர் வரைபடத்திலிருந்து நீங்கியது, உடைமையுறவு நீங்கவில்லை. மாறும் தேவைகளுக்கேற்ப மாற்றத்தக்கதெனப் போற்றப்பெற்ற அக்கட்டடம் 1991 இல் இடிக்கப்பட்டது.

இலண்டன் மில்வோல் துறையில் ஃபிரெட் ஓல்சன் கப்பற் கம்பனிக்காக அவர் அமைத்த நிலையத்திலும் துறைமுகத் தொழிலாளரும் அலுவலரும் ஒரே கூரையின் கீழ் வந்தனர். அத்துறை 1980 இல் மூடப்பட்டது; அக்கட்டடமும் இன்றில்லை. அதே நாய்த்தீவுப் பகுதியில், 2002 இல், ஹொங்கொங் ஷங்காய் வங்கிக்குத் தலைமையகக் கோபுரத்தை எழுப்பியவரும் ஃபொஸ்ரரே. கைத்தொழில் மூலதனத்திலிருந்து நிதி மூலதனத்துக்கு ஒரு நாடு நகர்ந்த வரலாற்றை இவ்விரு கட்டடங்களும் ஒரு கலைஞரின் வாழ்வெல்லைக்குள் காட்டிவிடுகின்றன.

இப்சுவிச்சில் 1975 இல் நிறைவுற்ற வில்லிஸ் ஃபேபர் காப்புறுதி அலுவலகத்தின் கதை வேறு. கூரையிற் புற்றரை, கீழ்த்தளத்தில் ஊழியர்க்கான நீச்சல் தடாகம். 1991 இல் அது முதற்தரப் பாதுகாப்புக் கட்டடமாகப் பதிவுபெற்றது. மேசைகளுக்கு இடம் போதாதபோது தடாகத்தை அகற்றச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே அதன்மேல் தளம் பரப்பி அலுவலகமாக்கினர். ஊழியர் நீந்திய இடத்தின்மேல் ஊழியர் அமர்ந்து கணக்கெழுதலாயினர். அழகியற் பெறுமதியைக் காத்த சட்டம் பயன்பாட்டுப் பெறுமதியைக் காக்கவில்லை.

1999 இல் ஃபொஸ்ரர் பிரிற்ஸ்கர் பரிசையும் பிரபுப் பட்டத்தையும் பெற்றார். மேலவை உறுப்பினர் வரிநோக்கில் பிரித்தானியாவின் வதிவாளராகக் கொள்ளப்படுவர் என 2010 இல் விதி வந்தபோது ஆசனத்தைத் துறந்தார். பேர்லினில் பாராளுமன்றத்தின்மேல் அவர் அமைத்த கண்ணாடிக் கவிமாடத்தில் மக்கள் பிரதிநிதிகளின் தலைக்குமேல் நடக்கின்றனர். குறியீடு அழகியதே. ஆனால் நம்மை அதிகம் சிந்திக்கவைப்பது ஹொங்கொங்.

அங்குள்ள வங்கித் தலைமையகம் (1986) நிலத்தினின்று உயர்த்தப்பட்டு, அதன் அடித்தளம் பொதுவழியாக விடப்பட்டது. இதனைக் கொடையெனக் கொள்ளலாகாது. ஈடாக மேலே கூடுதல் தளப்பரப்புக்கு அரசு அனுமதியளித்தது. பேரம் பேரமே. ஆனால் அப்பேரத்திற் கணக்கிடப்படாத ஒன்று நிகழ்ந்தது. ஞாயிறுதோறும் பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண்கள் அந்நிழலிற் கூடலாயினர். எசமானர் வீட்டிலேயே வதியவேண்டுமென 2003 இல் விதி வந்தபின், விடுமுறை நாளுக்கென அவர்களுக்கு வேறிடம் ஏது? வங்கியின் அடிவயிற்றின் கீழ் அட்டைகளை விரித்து உண்கின்றனர், ஊர்க்கதை பேசுகின்றனர், வீட்டுக்குப் பொதி கட்டுகின்றனர். இவ்விடம் தொழிலாளருக்காக வரையப்பட்டதன்று. அவர்களே அதனை எடுத்துக்கொண்டனர். எனினும் வரைந்தவர் நிலத்தை மூடியிருந்தால் எடுத்துக்கொள்ள ஒன்றுமிருந்திராது. ஃபொஸ்ரரின் கலைக்கு நாம் அளிக்கத்தக்க மதிப்பு இந்த அளவினதே, அது சிறிதன்று.

எல்லையும் அங்கேயே உண்டு. 2011 இல் நிதி மூலதனத்தை எதிர்த்தோர் அதே நிழலிற் கூடாரமிட்டனர். கடந்துசெல்வோர்க்கென விடப்பட்ட வழியில் அவர்கள் தங்கினர். வங்கி நீதிமன்றத்தை நாடியது. 2012 செப்டெம்பரில் கூடாரங்கள் அகற்றப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் மாலையானதும் அட்டைகளை மடித்துக்கொண்டு எழுந்துசெல்பவர்கள்.