களிறும் பிடியும்

யானை வயலில் புகுந்தது என்று பொதுப்படச் சொல்லிவிடுவது உலக வழக்கு. புகுந்தது களிறா, பிடியா என்று வினவி, எண்ணிக் கணக்கிட்டவர் இராமன் சுகுமார். புனங்காவற் பாட்டுகளைப் பயிற்றும் தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. உயிரியலுக்கோ அது பெரிய திறப்பாயிற்று.

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளராக, 1980களின் தொடக்கத்தில், தமிழகமும் கருநாடகமும் கூடும் மலைக்காடுகளில் அவர் உழைத்தார். காட்டோடு நில்லாமல் உழவரின் கேழ்வரகுக் கொல்லையையும் ஆய்வுக் களமாக்கியதே அவர் தனிச்சிறப்பு. குட்டிகளோடு திரியும் பிடிக்கூட்டத்தினும் வளர்ந்த களிறே பன்மடங்கு மிகுதியாக விளைநிலம் புகக் கண்டார். பயிரில் ஊட்டம் மிகுதி; உடல் பெருத்த களிறே துணை தேடும் போட்டியில் முந்தும்; ஆகவே உயிருக்கு நேரும் இடரையும் அது பொருட்படுத்துவதில்லை என்பது அவர் கொள்கை. 1989இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஆசிய யானை பற்றிய அவர் ஆங்கில நூலின் உயிர்நிலை இதுவே. பின்னர் ஆப்பிரிக்காவில் ஆய்ந்தோரும் களிறுகளின் பயிரழிவைத் தனியே பிரித்து நோக்கினர். 2006இல் சப்பானின் காசுமாசு பரிசும் அவரை அடைந்தது.

ஆயினும் நூலின் ஒரு முடிபைத் தயக்கத்தோடே ஏற்க வேண்டும். சில களிறுகள் குறைந்தாலும் இனப்பெருக்கம் பெரிதும் தடைப்படாது. எனவே அடங்காதவற்றைப் பிடித்து அகற்றலாம் என்கிறார். ஆசிய யானையில் நெடுந்தந்தம் களிற்றுக்கே உரியது. தந்தக் கொள்ளையரால் மடிவதும் அதுவே. இதை விரித்துரைத்தவரும் அவரே! கேரளத்துப் பெரியாற்றுக் காட்டில் களிறுகள் அருகிப்போன நிலையில் இவ்விதி எங்ஙனம் பொருந்தும்? காடுதோறும் களிறுகளை எண்ணிப் பார்த்த பின்னரே அதனைக் கையாளல் தகும்.