மணவாட்டியும் குறத்தியும்

ஒரு சமயத்தின் மூலக்கருத்து வேற்று மொழியொன்றின் இலக்கிய வடிவத்தினுள் குடிபுகும்போது, கருத்தும் வடிவமும் ஒன்றையொன்று சோதித்துப் பார்க்கின்றன. சில வேளைகளில் வடிவம் வெறும் சட்டையாக நின்றுவிடும். சில வேளைகளில் அக்கருத்துக்கே அது புதிய விளக்கம் தந்துவிடும். திருச்சபை கிறிஸ்துவின் மணவாட்டி என்னும் கிறித்தவக் கருத்து, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் இத்தகைய சோதனைக்கு உள்ளாகிறது. இலக்கிய வரலாறுகளில் கிறித்தவர் தமிழ்த்தொண்டு என்ற தலைப்பின்கீழ்ப் பெயரளவில் சுட்டப்படும் அந்நூல், அதனினும் மிகுந்த கவனத்திற்கு உரியது.

கருத்தின் வேர்

மணவாட்டி என்னும் உருவகம் கிறித்தவத்திற்கு முன்பே எபிரேயர் மறையில் வேரூன்றியது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியா என்னும் இறைவாக்கினர், கணவனை விட்டு நீங்கிய மனைவியாக இஸ்ரவேல் மக்களையும், நீங்கிய பின்னும் அவளைக் கைவிடாத கணவனாக இறைவனையும் கண்டார். ஏசாயா, எரேமியா ஆகியோர் நூல்களிலும் இவ்வுருவகம் தொடர்கிறது. எருசலேமும் அதன் மக்களும் சீயோன் மகள் எனப் பெண்ணாகவே விளிக்கப்பட்டனர்.

புதிய ஏற்பாட்டில், கொரிந்து நகரத்துச் சபையைக் கிறிஸ்துவுக்கு மணம் பேசப்பட்ட கன்னியாகப் பவுல் காண்கிறார். எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபமோ, மணவாளன் சபைக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்ததைப் பேசுகிறது. மறையின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் புதிய எருசலேம் மணக்கோலத்தில் தோன்றுகிறது.

இவற்றிலிருந்து மூன்று கூறுகளைப் பிரித்துணரலாம். முதலாவது, மணவாட்டி தனியொருத்தி அல்லள். ஒரு மக்கட்கூட்டமே மணவாட்டி. இரண்டாவது, அன்பு மணவாளனிடமிருந்தே முதலில் புறப்படுகிறது. மூன்றாவது, மணம் உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆனால் மணவிழா இன்னும் வரவில்லை. பழைய யூதர் வழக்கில் மண ஒப்பந்தம் முதலிலும், மணமகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லுதல் பின்னரும் நிகழும். அவ்விடைக்காலத்துக் காத்திருப்பே சபையின் வாழ்வு என்பது கிறித்தவர் கொள்கை.

தமிழ் மரபும் குறவஞ்சியும்

இறைவனைத் தலைவனாகவும் அடியாரைத் தலைவியாகவும் பாடுதல் தமிழர்க்குப் புதியதன்று. ஆண்டாளும் நம்மாழ்வாரும் திருநாவுக்கரசரும் இம்மரபின் சிகரங்கள். எனினும் அங்கே ஏங்கும் குரல் பெரும்பாலும் தனியொருவரின் குரல். கிறித்தவத்திலும் இவ்வழி உண்டு. மூன்றாம் நூற்றாண்டினரான ஓரிகன், உன்னதப்பாட்டுக்கு உரை வகுத்தபோது மணவாட்டியைச் சபையாகவும் தனி ஆன்மாவாகவும் இருவகையாகக் கொண்டார். சாஸ்திரியாரோ இவற்றுள் சபை என்னும் பொருளையே தம் நூலின் நடுவில் நிறுத்தினார்.

வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 1864இல் மறைந்தவர். பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவரின் வேறானவர் என்பதை மாணவர் மனங்கொளல் வேண்டும். இரண்டாம் சரபோஜி மன்னர் இவருடைய இளமைக்கால நண்பர். அம்மன்னர்மீது சரபேந்திர பூபால குறவஞ்சி பாடப்பட்டு, தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. குறவஞ்சி செழித்திருந்த அச்சூழலில்தான், 1800ஆம் ஆண்டையொட்டிப் பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது.

குறவஞ்சியின் அமைப்பு குற்றாலக் குறவஞ்சியைப் பயின்றோர் நன்கறிந்தது. தலைவன் உலா வருவான்; கண்ட தலைவி காதல் கொண்டு வாடுவாள்; திங்களையும் தென்றலையும் நொந்துகொள்வாள்; குறத்தி வந்து மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்வாள்; பின்னர்ச் சிங்கன் தன் சிங்கியைத் தேடி அலைந்து சேர்வான். சாஸ்திரியார் இவ்வமைப்பை ஏற்று உட்பொருளை மாற்றினார். பெத்லகேம் நாதரான இயேசுவே தலைவர். சபையின் உருவான தேவமோகினி தலைவி. குறத்தி விசுவாசத்தின் உருவம். சிங்கனும் நூவனும் நற்செய்திப் பணியாளரின் உருவங்கள். வேட்டைத் தொழில், மக்களை நற்செய்தியின்பால் சேர்க்கும் தொழிலாகிறது.

பொருந்தும் இடமும் பொருந்தா இடமும்

இம்மாற்றம் எல்லா இடத்தும் ஒன்றுபோல் வெற்றி பெறவில்லை. குறவஞ்சியில் காதல் தலைவியிடமே தோன்றுகிறது. உலா வரும் தலைவன் அவளை நோக்குவதுகூட இல்லை. இலக்கண நூலார் இதனைக் கைக்கிளை என்பர். கிறித்தவக் கருத்திலோ மணவாளன் தேடி வருபவன். மணவாட்டி தகுதி பெறுமுன்னரே அவளுக்காக உயிரைக் கொடுத்தவன். வாய் திறவாத தலைவனை நடுவாக உடைய ஒரு வடிவம் இந்த முந்திய அன்பை நேரே காட்டவியலாது; தலைவன் புகழ் பாடும் பகுதிகளிலும் குறத்தியின் வாய்மொழியிலும்தான் அதனை உணர்த்த முடியும். கருத்தின் உயிர்நாடியான ஒன்றை வடிவம் ஓரத்திற்குத் தள்ளிவிடுகிறது எனலாம்.

ஆனால், மற்றோரிடத்தில் வடிவம் கருத்தை வியக்கத்தக்க வகையில் தாங்குகிறது. குறவஞ்சியில் தலைவியின் திருமணம் மேடையில் நிகழ்வதில்லை. தலைவன் வருவான் என்ற குறியே அவளுக்குக் கிடைப்பது. அந்தச் சொல்லை நம்பிப் பரிசளித்துக் குறத்தியை அனுப்புகிறாள். பிற குறவஞ்சிகளில் இது கதையின் குறைபோலத் தோன்றக்கூடும். பெத்லகேம் குறவஞ்சியிலோ அக்குறையே நிறைவாகிறது. சபைக்கும் கையில் இருப்பது வாக்கு ஒன்றே, மணவிழா வரவேண்டியது. காணாததை உறுதியாகப் பற்றுவதே விசுவாசம் எனின், குறி சொல்லும் குறத்தியைவிடப் பொருத்தமான உருவம் அதற்குத் தமிழில் கிடைப்பதரிது. தலைவியைத் தேற்றிய பின்னரே குறவர் தம் தொழிற்கதை வருவதும் நோக்கத்தக்கது. காத்திருக்கும் காலம் வீண்காலமன்று, பணிக்காலம் என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது.

ஒரே மணவாட்டி

இந்நூலைத் திறனாய்வோர் எளிதில் கடந்துவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. குறவஞ்சியின் அழகே உயர்குலத் தலைவியின் கையை மலைக்குறத்தி பற்றும் அந்தக் காட்சியில் இருக்கிறது. அரண்மனைக்குள் எவர்க்கும் தெரியாத உண்மை, ஊர் ஊராய்த் திரியும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விசுவாசத்தைக் குறத்தியாக வைத்ததன் வாயிலாக, சபையின் எதிர்காலத்தை எளியவளின் நாவில் வைத்துவிட்டார் கவிஞர்.

அக்கவிஞரின் வாழ்வோ வேறு திசையில் சென்றது. தஞ்சைச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கத்தை ஒழிக்க இளைய தலைமுறை மிஷனரிமார் முயன்றபோது, வேளாளரான சாஸ்திரியார் அதனை எதிர்த்தார். சாதி உலகியல் வழக்கே, அது சமயத்திற்கு மாறானதன்று என்னும் நோக்கில் 1829இல் எழுதவும் செய்தார். அப்பூசலில் தமிழ்ப் பாடல்களையும் பண்டிகை வழக்கங்களையும் காக்க அவர் வாதிட்டதும் உண்டு; அவ்வகையில் தமிழ் வழிபாடு அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. எனினும், இடம் பிரித்து அமரும் சபையை ஒரே மணவாட்டி என்று எங்ஙனம் பாடுவது? தேவமோகினிக்கு உடல் ஒன்றே. அவ்வுடலில் ஒரு பகுதி மற்றொரு பகுதியைத் தீண்டாது என்று கொண்டால் உருவகமே சிதைந்துவிடும்.

இம்முரண்பாட்டைக் கொண்டு நூலைத் தள்ளுதலும் முறையன்று. நூலின் சிறப்பைக் கொண்டு முரண்பாட்டை மறைத்தலும் முறையன்று. ஏறத்தாழ இருபத்தாறாம் வயதில் கவிஞர் தேர்ந்த உருவகம், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் எடுத்த நிலைக்கு எதிராகச் சான்று சொல்கிறது. பாட்டு, பாடியவரைக் கடந்து நிற்கிறது என்பதே இங்குக் கொள்ளத்தக்க முடிவாகும்.

பெத்லகேம் குறவஞ்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனைக் குற்றாலக் குறவஞ்சியோடு அருகருகே வைத்துக் கற்பித்தல் நலம். ஒரே வடிவம் இரு சமயங்களின் கையில் எங்ஙனம் இயங்குகிறது என்பதை மாணவர் அப்போது தாமே காண்பர். குறத்தி தலைவியின் கையைப் பற்றும் இடத்தில் சற்று நின்று, அங்கே யார் யாரைத் தொடுகிறார் என்று அவர்கள் வினவுவாராயின், இலக்கியக் கல்வி தன் பயனை எய்தியதாகக் கொள்ளலாம்.