சுமைதாங்கி முதல் மோட்டல் வரை: விருத்தாசலம் சாலைக் குறிப்புகள்

சென்னையிலிருந்து விருத்தாசலத்துக்குப் பேருந்தில் வரும் பெண்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். வழியில் வண்டி ஒரு இடத்தில் நிற்கும், ஆனால் அங்கே இருக்கிற கழிவறையை நம்பி யாரும் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள். நெடுஞ்சாலை ஓய்விடம் பற்றி எந்தத் திட்டம் வந்தாலும் நான் இதை வைத்துத்தான் படிக்கிறேன். இந்தத் திட்டம் நிறைவேறினால் அவர்கள் தண்ணீர் குடிப்பார்களா, மாட்டார்களா?

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் அறிவித்த திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் 22 மாநிலங்களில் 600-க்கும் அதிகமான இடங்களில் சாலையோர வசதி மையங்கள். 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்று. பெட்ரோல் பங்க், மின்வண்டிக்கு சார்ஜிங், உணவகம், ஏடிஎம், குளியலறையோடு கழிவறை, குழந்தைகள் விளையாட இடம், மருத்துவ வசதி, உள்ளூர்க் கைவினைப் பொருட்களுக்கு ஒரு கிராமச் சந்தை. லாரி ஓட்டுநர்களுக்குப் படுக்கை அறை, சமைக்க, துவைக்க இடம். இதில் எதுவும் தேவையில்லாதது என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் ‘ஹம்சஃபர்’ என்று இன்னொரு கொள்கை வந்தது. அதில் குழந்தைக்குப் பால் கொடுக்க அறை, சக்கர நாற்காலி எல்லாம் உண்டு.

என் சண்டை பட்டியலோடு இல்லை. இடத்தோடுதான். இந்த மையங்களைத் தனியார் முதலீட்டில் கட்டச் சொல்கிறார்கள். தனியார் ஒருவர் பணம் போட வேண்டுமென்றால் சாலையில் வண்டி ஏராளமாக ஓட வேண்டும், ஓரத்தில் ஏக்கர் கணக்கில் நிலம் கிடைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நான்குவழிச் சாலைகளுக்குத்தான் முதலில் வரும். கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர் வழியாகச் சின்னசேலம் போகிற சாலைக்கு 532 என்று தேசிய நெடுஞ்சாலை எண் இருக்கிறது. ஆனால் அது ஊருக்குள் புகுந்து, கடைவீதியைத் தொட்டு, பேருந்து நிலையத்தை உரசிக்கொண்டு போகிற பழைய சாலை. இதன் ஓரத்தில் யார் வந்து உணவு வளாகம் கட்டுவார்கள்? நம்ம பக்கத்துப் பயணத்தில் பாதிக்கு மேல் இந்த மாதிரிச் சாலைகளில்தான் நடக்கிறது.

இன்னொன்று. திட்டம் முழுக்க வண்டியை எண்ணுகிறது, ஆளை எண்ணவில்லை. கார் நிறுத்த எவ்வளவு இடம், லாரி நிறுத்த எவ்வளவு இடம் என்பதற்குக் கணக்கு உண்டு. தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்து போகிறவர்கள், கட்டுச்சோற்றோடு பேருந்தில் வருகிறவர்கள், இரண்டு பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் இவர்களெல்லாம் எந்தக் கட்டத்தில் வருவார்கள் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது சுமைதாங்கி ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். அவ்வளவுதான். ஒரு ஆள் தலையில் மூட்டையோடு நின்றால் அவர் தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி அந்தக் குறுக்குக் கல் இருக்கும். ஏன் அந்த உயரம்? பாரத்தைத் தலையிலிருந்து இறக்க ஒரு கை உதவி வேண்டும், திரும்ப ஏற்றவும் வேண்டும். தனியாக நடந்து வருகிறவருக்கு அந்தக் கை கிடையாது. முதுகை வளைக்காமல் மூட்டையைக் கல் மேல் தள்ளிவிடலாம், இளைப்பாறிவிட்டு அப்படியே தலையை நுழைத்து எடுத்துக்கொள்ளலாம். யார் வருகிறார், என்ன சுமந்து வருகிறார், அவருக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்க ஒரு கல். பக்கத்தில் ஒரு கிணறோ குளமோ, ஒரு புளியமரமோ ஆலமரமோ இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போடும்போது வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றுகூடப் பார்க்காத காலத்தில் நாம் இருக்கிறோம். அந்தக் கல்லைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சுமைதாங்கிகள் அழிவதற்குப் பெரும்பாலும் யாரும் அவற்றை வெறுப்பது காரணமில்லை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை மட்டம் ஏறுகிறது, கல் இறங்குகிறது. தலை உயரத்தில் இருந்தது இடுப்புக்கு வந்துவிடும், பிறகு முழங்காலுக்கு. அதற்கப்புறம் அகலப்படுத்தும்போது பொக்லைன் வந்து ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிடும். கோயிலாக இருந்தால் ஊர் கூடும். மரமாக இருந்தால் யாராவது வழக்குப் போடுவார்கள். பொருளாகவும் இல்லாமல் சாமியாகவும் இல்லாமல் இருப்பதால் அதற்கு ஆள் இல்லை. சிலர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பத்தடி தள்ளி, பழைய உயரத்துக்கே எடுத்து நட்டு, பக்கத்தில் இருக்கிற நிறுத்தத்தோடு சேர்த்துவிடலாம். இன்றைக்கும் அரிசி மூட்டையோடும் வாழைத்தாரோடும் பேருந்துக்கு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சத்திரத்துக்கு வருவோம். தஞ்சாவூர் அரசர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ராஜ்ஜியம் 1799 ஒப்பந்தத்தோடு கம்பெனி கைக்குப் போய்விட்டது. இராமேசுவரம் போகிற வழியில் இருந்த சத்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். அதில் சத்திரம் எப்படி நடக்கிறது என்று விவரிக்கிறார். வருகிறவர்களுக்குச் சமைத்த சோறு, சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும், குணமாகும்வரை தங்க இடமும். விஷக்கடிக்கு மருத்துவர். பிள்ளைகளுக்குப் பள்ளி. அடுத்த வருஷமே, 1802-ல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் வந்தது.

இதைப் படித்துவிட்டு “ஆஹா, அந்தக் காலம்” என்று உருகத் தேவையில்லை. சாதி பார்த்துத்தான் சோறு போட்டார்கள். சமைத்ததும் சமைக்காததும் என்ற பிரிவே அதைச் சொல்லிவிடும். அரசருக்குப் புகழும் புண்ணியமும் வேண்டியிருந்தது. ஆனால் திட்டமிடுதலாக மட்டும் பார்த்தால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். சத்திரத்துக்குக் கட்டடத்தோடு நிலமும் எழுதிவைத்தார்கள். அந்த நிலத்தின் விளைச்சல்தான் நாளைக்கு அரிசி, விளக்கெண்ணெய், பெருக்குகிறவருக்குக் கூலி. நாம் கட்டடத்துக்கு நிதி ஒதுக்குகிறோம், திறப்பு விழா நடத்துகிறோம், கல்வெட்டு வைக்கிறோம். தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனால் யார் காசு கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லை. அதனால்தான் கழிவறை பூட்டிக் கிடக்கிறது. சாவி எங்கே என்று கேட்டால் பக்கத்து டீக்கடையைக் காட்டுவார்கள். (கோடைகாலத் தண்ணீர்ப்பந்தல்களும் இந்த ரகம்தான். திறக்கிற அன்றைக்கு தர்பூசணி, மோர், படம். பத்து நாள் கழித்துப் பானை காய்ந்து கிடக்கும், படம் மட்டும் அப்படியே இருக்கும்.)

மோட்டல் விஷயத்தில் கோபப்படுகிறவர்கள் பெரும்பாலும் உணவகக்காரரைத் திட்டுகிறார்கள், இல்லையென்றால் ஓட்டுநரை. எனக்கென்னவோ கோளாறு அதற்கு முன்னாலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. அரசுப் பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் முடிவாகிறது. பேருந்து உள்ளே வருவதற்கு இவ்வளவு என்று உணவகம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்ட வேண்டும். அதிகத் தொகை சொல்கிறவருக்குத்தான் வண்டி போகும். அந்தத் தொகை எங்கிருந்து வரும்? டீயிலிருந்தும் தோசையிலிருந்தும்தான். வேறு கடை இல்லாத இடத்தில் இருபது நிமிஷம் இறக்கிவிடப்பட்டவர் பேரம் பேசவும் முடியாது, நடந்து போகவும் முடியாது. கழிவறை சுத்தமாக இருந்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வராது. பிறகு ஏன் சுத்தம் செய்வார்? ஒப்பந்தத்தில் தொகைக்குப் பதிலாகக் கழிவறையை முதல் அளவுகோலாக வைத்து, தொகையை ஒரே அளவாக நிர்ணயித்துவிட்டால் போட்டி வேறு திசைக்குத் திரும்பும். பெரிய முதலீடு ஒன்றும் தேவையில்லை, ஒரு விதியை மாற்றினால் போதும்.

விதி என்றதும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு செய்தி ஞாபகம் வருகிறது. 1867-ம் வருஷத்துச் சராய் சட்டப்படி எந்த ஓட்டலிலும் இலவசமாகத் தண்ணீர் கேட்கலாம், கழிவறை போகலாம் என்று ஒரு தகவல். சட்டத்தை எடுத்துப் படித்தால் அப்படி ஒரு வாசகம் இல்லை. ஆனால் இருப்பது இன்னும் சுவாரசியமானது: தங்குமிடம் நடத்துகிறவர் அறைகளையும் கிணற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும், கட்டணப் பட்டியலைக் கண்ணில் படுகிற மாதிரி மாட்ட வேண்டும். இல்லாத உரிமையைப் பரப்புகிறோம், இருந்த கடமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெட்ரோல் பங்கில் குடிநீரும் காற்றும் கழிவறையும் இலவசமாகத் தர வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதி இன்றைக்கும் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் எத்தனை பேர்?

அதே 1867-ல், மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகிற வழியில் எந்த நாளும், என்ன சாதி, என்ன ஊர் என்று கேட்காமல் சோறு கிடைக்கிற இடம் அது. சரபோஜியின் சத்திரத்தில் இருந்த பிரிவு இங்கே கிடையாது. நம்முடைய திட்ட அறிக்கைகளில் இந்த மாவட்டத்தின் ‘தற்போதுள்ள வசதிகள்’ என்று ஒரு அட்டவணை போட்டால், இதை அதில் சேர்ப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். பக்தர்கள் வந்து போகிற இடம் என்ற தலைப்பில் தள்ளிவிடுவார்கள்.

லாரி ஓட்டுநர்கள் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே இரவில் தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை தரச் சொன்னது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி ஓய்வு. அறுபது வருஷம் தாண்டிய பிறகும் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கிறவர்களிடம் ஓய்வறை கட்டு என்றால் எங்கே கட்டுவார்கள்? அது ஊர்ப் பொறுப்பாக மாற வேண்டியது.

ஜப்பானில் ஊர்ப் பொறுப்பாக்கித்தான் செய்தார்கள். ‘மிச்சி நோ எக்கி’ என்றால் சாலை நிலையம். 1993-ல் 103 இடங்களோடு தொடங்கி இன்றைக்கு 1,200-ஐத் தாண்டிவிட்டது. நகராட்சியோ கிராமமோதான் முன்னின்று அமைக்கிறது. 24 மணி நேரமும் இலவச வண்டி நிறுத்தம், இலவசக் கழிவறை, வழித் தகவல்: இவை கட்டாயம். அதோடு அந்த ஊர்க் காய்கறி, அந்த ஊர்ப் பண்டம். பெரும்பாலும் விரைவுச் சாலைகளில் இல்லை, சாதாரணச் சாலைகளில்தான்.

விருத்தாசலத்துக்கு இது அப்படியே பொருந்தும். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண், பீங்கான் தொழிற்பேட்டை, சூளைகள், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர ஒரு அரசுக் கல்லூரி எல்லாம் இங்கே இருக்கிறது. கொலுப் பொம்மையும் அகல் விளக்கும் இங்கிருந்து மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. அந்தப் பொம்மையை வாங்க வேண்டும் என்று ஒருவர் சாலையில் வண்டியை நிறுத்தினால், எங்கே நிறுத்துவது? 2021 திட்டத்தின் ‘கிராமச் சந்தை’ நான்குவழிச் சாலையில் ஒரு கண்ணாடி அலமாரியாக முடியும். ஊருக்குள் அது பத்து சென்ட் இடம், ஒரு மரம், நாலு கடை, அந்தக் கடைகளின் வாடகையில் பராமரிக்கப்படும் ஒரு கழிவறை. நில மானியம் செய்த வேலையை வாடகை செய்யும். ஓடுகளும் தொட்டிகளும் கூட வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை.

எங்கே வைக்கலாம் என்று கேட்டால், பேருந்து நிலையத்துக்கும் சேலம் சாலைக்கும் நடுவில், நகராட்சியிடம் இருக்கிற புறம்போக்கு விவரத்தை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அடுத்த குறிப்பில் வரைபடத்தோடு எழுதுகிறேன்.